சிங்காரப்பேட்டைச் சாய்ப்பு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டி முடித்த வீட்டோடு ஒரு சாய்ப்பை ஒட்டிப் பார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கல்யாணத்தில் உண்டாகும் மனஸ்தாபம் மறுவீட்டு விருந்தோடு தீர்ந்துபோவதுண்டு. பெரிய வீட்டுக்கும் சாய்ப்புக்கும் உண்டாகும் மனஸ்தாபமோ ஒவ்வோர் ஐப்பசியிலும் புதுப்பிக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒட்டின் வழியாகத் தண்ணீர் இறங்கி, சுவரில் தேசப்படங்கள் எழுதிவிட்டுப் போகிறது.

என் தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர் சிங்காரப்பேட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைத் தாலுகாவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். மைசூர்ப் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து கீழே சமவெளிக்கு இறங்கும் படைகளுக்கு இங்குள்ள கணவாய் ஒரு காலத்தில் வாசலாக இருந்தது. 1767-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹைதர் அலியின் சேனையும் ஆங்கிலேயர் சேனையும் பக்கத்துச் செங்கத்தில் மோதிக்கொண்டன. இன்று அந்த வழியில் படைகள் வருவதில்லை. ஊர்ப் பிள்ளைகள்தான் எதிர்த் திசையில், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் சம்பளம் ஊருக்குள் நுழைந்ததும் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் உருமாறுகிறது. மாடு விற்ற வீடுகளில் மாட்டுக் கொட்டகை அறையாகிறது. பின்கட்டுத் தாழ்வாரம் மருமகளுக்குப் படுக்கையறையாகிறது.

என் தமக்கை வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. வீட்டின் பின்புறச் சுவரில் சாய்த்து, நாட்டு ஓடு வேய்ந்த மாட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. அகலம் பத்தடி, நீளம் பன்னிரண்டடி. மாடுகள் போன பிறகு, ஓசூரில் வேலை பார்க்கும் மூத்த பையன் பணம் அனுப்பினான். ஓட்டைப் பிரித்துவிட்டு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி, நாலு அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டார்கள். தளத்தின்மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும் என்று உத்தேசம் இருந்தது. கதவு, ஜன்னல், மின்சாரம் என்று பணம் கரைந்துபோகவே, அந்த உத்தேசம் “அடுத்த வருஷம்” என்ற பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. நம் நாட்டில் அந்தப் பெட்டிக்குச் சாவி கிடையாது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

அறை குடிபுகுந்த முதல் சித்திரையிலேயே அதன் குணம் தெரிந்தது. பகலில் உள்ளே இருக்க முடியவில்லை என்றால் அதிசயமில்லை. இரவு பதினொரு மணிக்கும் இருக்க முடியவில்லை. காற்றாடியைப் போட்டால் அடுப்புக்கு முன் விசிறிக்கொண்டு உட்கார்ந்தது போல இருந்தது. விடுமுறைக்கு வந்த பையன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விட்டான். இதற்குக் காரணம் சாமானியமானது. சித்திரை வெயிலில் வெற்றுக் கான்கிரீட்டின் மேல்முகம் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அந்தச் சூடு நாலு அங்குலக் கனத்தைக் கடந்து கீழ்முகத்துக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆகவே உச்சிப் பொழுதின் வெயிலை மாலை ஐந்து மணிக்கு வாங்கிக்கொள்கிறோம். வெளியே காற்றுக் குளிர்ந்த பிறகும், தளம் தான் சேர்த்து வைத்த சூட்டை நம் தலைமேல் நிதானமாகச் செலவழித்துக்கொண்டிருக்கும்.

வெயிலைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. “கோடை என்றால் புழுங்கத்தானே செய்யும்?” என்பது மாமாவின் வேதாந்தம். மழைக்காலத்தில் மேல்சுவரில் ஈரம் கண்டபோது மட்டும், கடையில் விற்ற வெள்ளைப் பூச்சு ஒன்றை வாங்கி, பாசி படிந்த தளத்தின்மேலேயே இரண்டு கை பூசினார். இரண்டே வருஷத்தில் அது வெங்காயத் தோல் போல உரிந்து வந்துவிட்டது. பூச்சின்மேல் குற்றமில்லை. அழுக்கின்மேல் பூசிய பூச்சு அழுக்கோடுதான் ஒட்டியிருக்கும், தளத்தோடு ஒட்டாது.

2024-ஆம் ஆண்டு கார்த்திகையில் தமக்கையின் மகள் முதற் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தனி அறை வேண்டுமல்லவா? சாய்ப்பு அறையைக் கழுவி மெழுகி, உத்தரம் இல்லாத குறைக்குத் தளத்துக் கொக்கியிலே தூளி கட்டினார்கள். நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரை கடந்த புயல் பலவீனப்பட்டுவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, அது மேற்கே நகர்ந்து வந்து எங்கள் பக்கத்தில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நாலு மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பெய்த மழை 50 சென்டி மீட்டர். அந்தப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதே 80, 90 சென்டி மீட்டர் அளவுதான். ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையத்தருகே சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளைப் பொம்மைகளைப் போல உருட்டிக்கொண்டு போன காட்சியைத் தேசம் முழுவதும் பார்த்தது.

அந்த இரவில் தமக்கை வீட்டில் நடந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. குழந்தை பிறந்து பதின்மூன்று நாள். நடுநிசிக்குமேல் தூளியின்மேல் சொட்டு விழுந்தது. கையை வைத்துப் பார்த்தால், கொக்கி வழியாகத் தண்ணீர் கயிற்றைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தது. தூளியை அவிழ்த்துக் குழந்தையை எடுப்பதற்குள், பெரிய வீட்டுச் சுவரும் தளமும் சேருகிற மூலை நெடுகத் தண்ணீர் திரையாக வழியத் தொடங்கிவிட்டது. மின்சாரமும் போய்விட்டது. பச்சை உடம்புக்காரி ஈரத் தரையில் நடந்து, கைக்குழந்தையோடு சமையலறை மூலையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்தது. அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: “தம்பி, இந்தக் கூரையை இடித்தாலும் சரி, திருத்தினாலும் சரி, நீ வந்து ஒரு வழி பண்ணு.”

கூரை என்ற பொருளைப் பற்றி நான் கவனம் செலுத்தியது அன்றிலிருந்துதான். கூரை நன்றாக இருக்கும்வரை அதை அண்ணாந்து பார்ப்பவன் பல்லி சாஸ்திரம் பார்ப்பவன் ஒருவனே அல்லவா?

தை மாதம் வானம் வெளுத்த பிறகு, ஊரில் பழைய வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துக்கொண்டு தளத்தில் ஏறினேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர். அவர் கீழே குனிந்து விரிசலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ தலையைத் தூக்கிப் பெரிய வீட்டுக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார்.

“அந்தத் தண்ணீர் எங்கே விழுகிறது?” என்றார்.

பெரிய வீட்டு மாடித் தண்ணீரில் பாதி பின்புறத் தூம்பு வழியாக வரும். மாட்டுக் கொட்டகை இருந்த காலத்தில் அது ஓட்டின் சரிவில் விழுந்து ஓடிப்போய்விடும். கொட்டகை அறையான பிறகும் தூம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது அது விழுவது சமமான தளத்தில். அதுவும் சரியாக ஒட்டின்மேல். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றிருபது சதுரடிச் சாய்ப்பின்மேல் 50 சென்டி மீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 5,500 லிட்டர். முந்நூறு சதுரடி மாடியிலிருந்து வந்து விழுந்தது இன்னும் 14,000 லிட்டர். ஓர் இரவும் பகலுமாக, ஆயிரத்துக்கு மேற்பட்ட குடம் தண்ணீரை அந்தச் சின்ன அறையின் தலையில் ஊற்றியிருக்கிறோம். வெள்ளைப் பூச்சை நொந்து என்ன பயன்?

“முதலில் அந்தத் தூம்பில் குழாய் மாட்டித் தரைக்கு இறக்குங்கள். அதைச் செய்யாமல் என்னைக் கூப்பிட வேண்டாம்” என்று மேஸ்திரி இறங்கிவிட்டார். நாலு முழம் குழாய் வாங்கி மாட்ட ஒரு காலைப் பொழுதே போதுமானதாக இருந்தது. ஆறு வருஷமாக அந்தக் காலைப் பொழுது எங்களுக்குக் கிடைக்கவில்லை!

இரண்டாம் முறை வந்தபோது அவர் ஒட்டைக் காட்டினார். பெரிய வீடு எழுபது வருஷத்துக் கட்டடம். அதன் அஸ்திவாரம் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி நிலைத்துவிட்டது. சாய்ப்பின் சுவர்கள் புதியவை; கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். அன்றியும் தளம் வெயிலில் நீண்டு இரவில் சுருங்குகிறது. பாகைக்குப் பத்து லட்சத்தில் பத்துப் பன்னிரண்டு பங்குதான் நீட்சி. ஆனால் பன்னிரண்டடித் தளத்தில் முப்பது பாகை ஏற்றத்தாழ்வுக்கு அது ஒரு மில்லி மீட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. பதினைந்து தலைமயிரை அடுக்கி வைத்த கனம். இப்படி நாள்தோறும் அசைகிற இடத்தில் சிமெண்டுக் கலவையை வைத்து அடைத்தால், அது அசையத் தெரியாமல் வெடிக்கிறது. அந்த வெடிப்பு மழைக்கு வாசல். ஆகவே, மழை ஒழுகுவதற்குக் காரணம் கார்த்திகை மழை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது சித்திரை வெயில் செய்த வேலை. வெயில் திறந்து வைக்கிறது, மழை நுழைகிறது.

இதன் மறுபக்கமும் உண்மை. சூட்டைத் தடுப்பது எந்தப் பொருளானாலும், அதனுள் அடைபட்டிருக்கும் அசையாத காற்றினால்தான் தடுக்கிறது. கம்பளிக்கும் வைக்கோலுக்கும் தெர்மோகோலுக்கும் இதுவே ரகசியம். ஓர் அங்குலத் தெர்மோகோல் தடுக்கும் சூட்டைத் தடுக்கக் கான்கிரீட்டில் மூன்றடிக் கனம் வேண்டும். ஆனால் தண்ணீர், காற்றைப் போல் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்துவது. காற்று இருந்த துளைகளில் தண்ணீர் புகுந்துவிட்டால் சூடு தடுக்கும் பொருள் வெறும் பாரமாகிவிடும். ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிர் காயப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே, “இந்த வருஷம் ஒழுகலை நிறுத்துவோம், சூட்டை அப்புறம் பார்ப்போம்” என்பது ஒரு செருப்பை மட்டும் வாங்குவது போன்ற சிக்கனம்.

இந்த இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யும் முறை நம் ஊர்களில் வெகு காலமாக இருந்து வந்தது. சென்னை, தஞ்சை, செட்டிநாடு என்று எங்கே பழைய மச்சு வீட்டைப் பார்த்தாலும் அதைக் காணலாம். ‘மதராஸ் டெரஸ்’ என்றே அதற்குப் பெயர். மர உத்தரங்களின்மேல் சின்னச் சின்னச் செங்கல்களைக் குறுக்குச் சாய்வாகக் குத்துக்கல்லாக வைத்துச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டுவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. அதற்கும் மேல் தட்டோடு. கான்கிரீட் வந்த பிறகு உத்தரமும் குத்துச் செங்கலும் போய்விட்டன. மேலே இருந்த சுருக்கியும் தட்டோடும் மட்டும் மரபு விடாமல் கான்கிரீட்டின்மேல் ஏறி உட்கார்ந்தன. அரசாங்கப் பொதுப்பணித் துறையின் விதிகளிலும் அவற்றுக்கு இடம் உண்டு: 32 பங்கு செங்கல் ஜல்லிக்குச் சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கூடாது. வெளியூரிலும் இப்படி ஒவ்வொரு வழி உண்டு. பஞ்சாபிலும் டில்லியிலும் தளத்தின்மேல் வைக்கோல் பிசைந்த களிமண்ணைக் கனமாகப் பரப்பி, அதற்குமேல் செங்கல் ஓடு பதிப்பார்கள்.

“ஐயா, அவ்வளவு பாரத்தை உன் தளம் தாங்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்” என்று கிருஷ்ணகிரியில் பூச்சு மருந்து விற்கும் ஒருவர் என்னை எச்சரித்தார். அவருடைய நோக்கம் தம் சரக்கை விற்பதுதான் என்றாலும், சொன்னது நியாயம். மூன்று அங்குலச் சுருக்கி, நூற்றிருபது சதுரடிக்கு ஒன்றரை டன் எடை வரும். எங்கள் சாய்ப்புக்கு ஒன்பது அங்குலச் சுவரும் நாலு அங்குலத் தளமும் இருந்தன. கம்பி கட்டிய விவரமும் பையனிடம் இருந்தது. அதை ஒரு என்ஜினியரிடம் காட்டிச் சம்மதம் பெற்ற பிறகே துணிந்தோம். மெல்லிய சுவரும் பழைய மண் சுவரும் உள்ள சாய்ப்புகளுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அவர்கள் தெர்மோகோல் பலகையை விரித்து, அதன்மேல் மெல்லிய கலவையும் வெள்ளை ஓடும் பதிப்பதே உசிதம்.

மாசி மாதம் வேலை ஆரம்பமாயிற்று. உரிந்த பூச்சையும் பழைய கலவையையும் இரண்டு நாள் கொத்தி எடுத்தார்கள். கான்கிரீட் தன் முகத்தைக் காட்டியது. விரிசல்களை ஆங்கில ‘வி’ எழுத்துப் போலக் கீறி அகலப்படுத்தி, ஊதிச் சுத்தம் செய்து, இழுத்தால் நீளும் பசையை அடைத்தார்கள். சுவரும் தளமும் சேரும் மூலையில் செங்குத்தாக விடாமல், கலவையைச் சாய்வாக வைத்து உருட்டி மழுக்கினார்கள். இது சின்ன விஷயம் என்று தோன்றும். எந்தப் பூச்சும் செங்கோண மூலையில் மடியும்போதுதான் முதலில் கிழிகிறது. பிறகு பெரிய வீட்டுச் சுவரில், தளத்துக்கு ஒரு சாண் உயரத்தில், நெடுக ஒரு காடி வெட்டினார்கள். நீர் தடுக்கும் பூச்சை நார்த் துணி வைத்து மூன்று கை பூசி, சுவரில் ஏற்றி, அந்தக் காடிக்குள் நுழைத்து, மேலே கலவையால் மூடினார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுவது போலத்தான். சுவரில் வழிந்து வரும் மழை காடியின் உதட்டிலிருந்து வெளியே சொட்டுமே தவிர, பூச்சின் முதுகுப்புறம் போக வழியில்லை.

பூச்சு காய்ந்ததும், மேஸ்திரி தளத்தைச் சுற்றிக் களிமண் வரப்புக் கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கினார். இரண்டு பகல், இரண்டு இரவு அது நிற்க வேண்டும். சுருக்கி போட்ட பிறகு ஓட்டையைத் தேடுவது கிணற்றில் விழுந்த ஊசியைத் தேடுவதாகும் என்பது அவர் அபிப்பிராயம். முதல் நாள் இரவு நான் டார்ச்சு விளக்கோடு மல்லாந்து படுத்துத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டு நெடுக ஒரு சொட்டு இல்லை. ஆனால் அதிகாலையில் காற்றாடிக் கொக்கியருகே அரையணா அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மின்சாரக் கம்பி போவதற்காகத் தளத்துக்குள் புதைத்த குழாயின் வாய் மேலே ஓரிடத்தில் மூடாமல் விடப்பட்டிருந்தது. அந்தக் குழாய் மழைத் தண்ணீரை நேரே கொக்கிக்குக் கொண்டு வந்திருக்கிறது. தூளியில் விழுந்த சொட்டின் ரகசியம் அப்போதுதான் வெளிப்பட்டது. தண்ணீரை வடித்து, அதை அடைத்து, மறுபடியும் இரண்டு நாள் தேக்கினோம்.

அதற்குப் பிறகுதான் சுருக்கி. செங்கல் ஜல்லியை முதல் நாளே நனைத்து, நீற்றிய சுண்ணாம்போடு புரட்டினார்கள். கடுக்காய் ஜவ்வாது மலையில் விளைவதுதான். அதை இடித்து ஊறப் போட்டு, வெல்லத் தண்ணீரோடு கலந்து பானையில் வைத்துக்கொண்டார்கள். ஐந்து பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் தட்டத் தொடங்கினார்கள். தட்டத் தட்டச் சுண்ணாம்பு மேலே பால் போலக் கசியும். கடுக்காய்த் தண்ணீரைத் தெளிப்பார்கள், மறுபடியும் தட்டுவார்கள். மூன்று நாள் இந்தத் தாளம் தெருவெங்கும் கேட்டது. வயதான இருவருக்குத் தளம் தட்டும் பாட்டுத் தெரிந்திருந்தது. மற்ற மூவரும் கைப்பேசியில் சினிமாப் பாட்டு வைத்துக்கொண்டார்கள். தாளம் என்னவோ இரண்டுக்கும் தப்பவில்லை. மூன்றாம் நாள் மாலை மேஸ்திரி ஒரு கட்டையை வாங்கி ஓங்கித் தட்டினார். கட்டை துள்ளி எழுந்தது. “போதும்” என்றார்.

இந்த வேலையில் செலவு பெரும்பாலும் கூலிதான். சரக்கின் விலை குறைவு. அந்தக் கூலி உள்ளூரில், உழைத்த பெண்களின் கையில் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குப் பிறகு இதைச் செய்ய ஆள் கிடைக்குமா என்பது வேறு விஷயம். ஒரு நாளில் முடியும் வேலைக்கு மூன்று நாள் எதற்கு என்று கேட்டு, ஜல்லியைக் கொட்டிச் சமன் செய்து சிமெண்டைத் தெளித்துவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படிப் போட்ட சுருக்கி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியும். அதைவிடச் சுருக்கி இல்லாமலிருப்பதே மேல்.

தட்டிய சுருக்கியில் ஒரு விசேஷம் உண்டு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சிக் கல்லாகிறது. மயிரிழை போன்ற வெடிப்புக்கள் ஏற்பட்டாலும் மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பே அவற்றை அடைத்துக்கொள்ளும். சிமெண்டுக்கு இந்தப் பொறுமை குறைவு. சுவரோரம் நாலு அங்குலமும் தூம்போரம் இரண்டு அங்குலமுமாகக் கனம் வைத்தபடியால், பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம் கிடைத்தது. தண்ணீர் நிற்காமல் ஓடும் கூரைக்கு மருந்து பாதி போதும். வாட்டமில்லாத கூரைக்கு எந்த மருந்தும் போதாது.

சுருக்கியைப் பத்து நாள் ஈரம் காயாமல் காத்து, மேலே தட்டோடு பதித்தார்கள். நீர் தடுக்கும் பூச்சு இப்போது சுருக்கிக்கும் ஓட்டுக்கும் அடியில், வெயில் முகமே பாராமல் பத்திரமாக இருக்கிறது. வெயிலில் கிடந்து காய்ந்து உரிவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே சுண்ணாம்பு அடிப்பதா என்ற கேள்வியில் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாயின. சிவந்த ஓட்டின் அழகு போய்விடுமே என்றார் மாமா. வெள்ளை முகம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். புதிதாக வெள்ளையடித்த கூரைக்கும் கறுத்த கூரைக்கும் நடுப்பகலில் பதினைந்து இருபது பாகை வித்தியாசம் இருப்பது சகஜம். தெலுங்கானா அரசாங்கம் 2023-ஆம் ஆண்டிலேயே குளிர் கூரைக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆமதாபாத் நகரத்தில் ஏழைகளின் தகரக் கூரைகளுக்கு வெள்ளையடித்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இவ்வளவையும் நான் எடுத்துச் சொன்ன பிறகு மாமா, “உங்கள் அக்கா என்ன சொல்கிறாள்?” என்று கேட்டார். அன்று மாலையே சுண்ணாம்பு அடித்தாயிற்று.

சிமெண்டு ஷீட் போட்ட சாய்ப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் அவைதான் அதிகம். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட்டை அறுப்பதும் துளைப்பதும் தேய்ப்பதும் கூடாது. அதிலிருந்து எழும் கண்ணுக்குத் தெரியாத நார்த் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷங்களுக்குப் பிறகு புற்றுநோயாக முளைக்கக்கூடியது. அறுபதுக்கு மேற்பட்ட தேசங்கள் அதைத் தடை செய்துவிட்டன. இருக்கிற ஷீட்டைக் கலைக்காமல், மேலே தண்ணீர் தெளித்து நனைத்து, மெதுவாகத் துடைத்து வெள்ளையடிக்கலாம். உள்ளே ஒரு முழம் இடைவெளி விட்டு மூங்கில் பாயாலோ பலகையாலோ மச்சுக் கட்டி, இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி வைத்தால் புழுக்கம் கணிசமாகக் குறையும். காற்று வழி இல்லாத மச்சினால் பிரயோஜனம் பாதிதான். மார்கழி விடியற்காலையில் ஷீட்டின் அடியில் முத்து முத்தாகச் சொட்டுவதைப் பார்த்து ஒழுகல் என்று மயங்கி மேலே பூசிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அது மழைத் தண்ணீர் அல்ல. வீட்டிலுள்ளவர்களின் மூச்சும் அடுப்பின் ஆவியும் குளிர்ந்த ஷீட்டில் பட்டுத் தண்ணீராவது.

எங்கள் அறையிலும் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை பிடித்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலை அடைத்து, உள்ளேயே வெந்நீர் போட்டு, சாம்பிராணிப் புகையும் காட்டினார்கள். அந்த ஆவி எங்கே போகும்? மேல்சுவரில் இரண்டு காற்றுத் துவாரம் வைக்கச் சொன்னேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. “குழந்தைக்கு ஆகாது” என்றாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் சொல்லிய பிறகே சம்மதித்தாள். தம்பி சொன்னால் எடுபடுமா?

2025 சித்திரையில் நான் அங்கே நாலு நாள் தங்கியிருந்தேன். சாய்ப்பு அறையில் இரவு படுக்க முடிந்தது. குளிராக இருந்தது என்று சொன்னால் பொய்யாகும். பெரிய வீட்டைவிட மோசமாக இல்லை, அவ்வளவுதான். பையன் திண்ணையிலிருந்து பாயை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். அந்த ஐப்பசியில் மழை வந்தபோது மேஸ்திரி, யாரும் கூப்பிடாமலே, குடையைப் பிடித்துக்கொண்டு பார்க்க வந்தார். அறைக்குள் போய்ச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை தேய்த்துக்கொண்டே நடந்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொள்ளவில்லை, துடைக்க ஈரமில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, “வேப்பிலை தூம்பை அடைக்கும். வாரத்துக்கு ஒரு தரம் வாரிவிடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமைதோறும் மாமா இப்போது துடைப்பத்தோடு ஏணியில் ஏறுகிறார். பேரப்பிள்ளை கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறது.